இடப்பக்கத்து நட்டு

பேராசிரியருக்கு நடுமுதுகில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. நட்டு மட்டும் அசையவில்லை.

மெக்கானிக்கல் துறைக்குத் தலைவராக வேண்டுமானால் பட்டறையில் ஒரு வேலையைத் தன் கையாலேயே செய்து காட்ட வேண்டும் என்று கல்லூரியில் புதிதாக விதி போட்டிருந்தார்கள். இருபத்தாறு வருடம் சாக்பீஸைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை. இந்த முறை விட்டால் ஓய்வு பெறும்வரை தலைவர் நாற்காலி கிடையாது. அதனால் இருப்பதிலேயே லேசான வேலையாகப் பார்த்து எடுத்தார். சாணை மெஷினில் அச்சின் இரண்டு முனையிலும் இரண்டு கல். இடப்பக்கத்துக் கல் தேய்ந்திருந்தது. நட்டைக் கழற்றிக் கல்லை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். முதல்வர் எதிரே நாற்காலி போட்டு, டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

பட்டறை ஃபிட்டர் ஓரமாக நின்று, "சார், அது வந்து..." என்று இழுத்தார்.

"நீ வாயத் தொறந்தா நீ செஞ்சதா ஆயிடும். பேசாம நில்லு."

ஃபிட்டர் கையைக் கட்டிக்கொண்டார்.

பேராசிரியர் நட்டுக்கு எண்ணெய் விட்டார். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. ஸ்பேனரின் வாலில் ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புக் குழாயைச் செருகினார்.

"நீளம் கூடினா விசை கூடும் சார்" என்று முதல்வருக்கு விளக்கமும் சொல்லி, அழுத்தினார். கல் சுற்றாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த கட்டை இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு பறந்துபோய் முதல்வரின் டீயைச் சட்டையில் கவிழ்த்தது.

"சட்டை போனாப் போகுது. நட்டு கழண்டுச்சா?"

"கழலப் போகுது சார்."

ஃபோன் அடித்தது. மனைவி.

"என்னங்க, தலைவர் ஆயிட்டீங்களா? எங்கண்ணன் லைன்ல காத்துக்கிட்டிருக்கார்."

"ஒரே ஒரு நட்டுதான். கழண்டதும் சொல்றேன்."

"நட்டா? காலைல சட்டைப் பட்டனையே நான்தானே போட்டுவிட்டேன்!"

ஃபோனை அணைத்துவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் குழாயின் நுனியில் தொங்கச் சொன்னார்.

"ஆள் சேத்துக்கலாமா?" என்றார் முதல்வர்.

"இவர் ஆள் இல்ல சார். எடை."

"நட்டு கழலுதோ இல்லையோ, எடைக்கு இடுப்பு கழண்டுடும் சார்!" என்றார் வாட்ச்மேன், தொங்கியபடி.

இருவரும் மூச்சைப் பிடித்து அழுத்தினார்கள். 'படக்' என்றது. பேராசிரியரின் முகம் மலர்ந்தது. கழன்றது நட்டு அல்ல. மெஷினைத் தாங்கியிருந்த மேசையின் நான்கு கால்களும் சிமெண்டோடு பெயர்ந்து வந்தன. மெஷின் ஒருபக்கம் சாய, பேராசிரியர் மேல் வாட்ச்மேன் விழுந்தார்.

முதல்வர் எழுந்துவிட்டார். "போதும். ஏம்ப்பா, நீ கழட்டு."

ஃபிட்டர் குந்தி உட்கார்ந்தார். ஸ்பேனரை மாட்டி, பேராசிரியர் அழுத்தியதற்கு எதிர்ப்பக்கமாகச் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினார். நட்டு சுழன்று கையில் வந்தது.

"எதிர்ப்பக்கமாவா?" தரையில் கிடந்தபடியே பேராசிரியர் கேட்டார்.

"இடப்பக்கக் கல்லுக்கு மரை தலைகீழ் சார். இல்லேன்னா கல்லு சுத்துற சுத்துல நட்டு தானாக் கழண்டு பறந்துடும். நீங்க இவ்வளவு நேரமா இறுக்கிக்கிட்டிருந்தீங்க."

"அடேயப்பா!" என்றார் முதல்வர். "இதெல்லாம் எங்கப்பா படிச்சே?"

"இங்கதான் சார், இந்தச் சார்கிட்டதான். கடைசி வருசப் பரீட்சையில இதே கேள்விய கேட்டார், இதே பதில எழுதினேன். தப்புன்னு அடிச்சார், ரெண்டு மார்க்குல ஃபெயிலாகித்தான் ஸ்பேனர் பிடிக்க வந்தேன். அந்த ரெண்டு மார்க்க சார் இன்னும் எனக்குத் தரணும்."