நடு இலையில் நடந்த மெர்ஜ்

தனியாக இருப்பவனுக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடைக்காது. தனியாக இருந்து பார்த்தவர்கள்தான் இதை நம்புவார்கள். எனக்கு அதிர்ஷ்டவசமாக ஒருவர் கிடைத்தார். சென்னை ஆபீசில் இருந்த ஹேமா. நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. சண்டை முழுக்கப் பாயசத்தைப் பற்றியது.

2014-ல் நான் சுசீந்திரத்தில் எங்கள் வீட்டில் இருந்தபடி ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். அக்காவின் பிரசவத்துக்காக மஸ்கட் போன அப்பாவும் அம்மாவும், குழந்தை தவழட்டும், நடக்கட்டும் என்று திரும்புவதைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் நானும் லேப்டாப்பும்தான் (அப்புறம் தண்ணீர் மோட்டார்; நான் அதிகம் பேசியது அதோடுதான்). "வீட்டில் இருந்தே சம்பளமா, கொடுத்து வைத்தவன்" என்பார்கள் தெருவில். சுவரைப் பார்த்துக்கொண்டு சோறு தின்பதும் கொடுத்து வைத்ததில் சேருமா என்று நான் கேட்டதில்லை.

எங்கள் கம்பெனிக்கு இந்தப் பக்கத்தில் கிடைத்த முதல் வாடிக்கையாளர் தாணு அண்ணாச்சி. கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர். அவருக்காக ஒரு புரோகிராம் எழுதினோம். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று தட்டினால் சாமான் கணக்கு வரும். பந்தியில் எதற்குப் பின் எதை விளம்ப வேண்டும் என்ற சீட்டும் அச்சாகி வரும் (எங்கள் ஊரில் பரிமாறுவதை விளம்புவது என்போம்). அண்ணாச்சி திருப்தியானால் நாகர்கோவிலில் நாலு பேரைப் போட்டு ஓர் ஆபீஸ் திறக்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு ஆபீஸ் என்றால் ஏசியும் சுழல் நாற்காலியும். எனக்கு, மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது "என்ன கறி?" என்று கேட்க ஓர் ஆள். அந்த ஒரு கேள்விக்காகப் பேயாக வேலை பார்த்தேன்.

எங்கள் பக்கத்துப் பந்தியில் சாம்பாருக்குப் பின் பாயசம் வரும். ரசமும் மோரும் அதற்கும் பிறகுதான். ஹேமா கும்பகோணத்துக்காரர். நான் தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன் என்று நினைத்து, தன் பிராஞ்சில் ரசத்தை முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். (பிராஞ்ச் என்பது ஒரே புரோகிராமை ஆளுக்கொரு பிரதியாக வைத்துத் தனித்தனியே திருத்துவது. பிறகு கிட் என்கிற மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கும். அதற்கு மெர்ஜ் என்று பெயர்.) ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். "பந்தி வரிசை திருத்தப்பட்டது" என்று அவர் எழுதினார். "திருத்தியது திருத்தப்பட்டது" என்று நான் எழுதினேன். "ரசத்துக்கு முன்னால் பாயசம் எந்த ஊரில்?" "சாப்பாடு நன்றாக இருக்கும் ஊரில்." அப்போது எனக்கென்று யாரும் எழுதியவை அந்த ஒருவரிக் குறிப்புகள் மட்டும்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிப்பேன்.

புரோகிராம் ஓடப்போகும் முதல் கல்யாணம் வந்தது. பெண் எங்கள் ஊர். மாப்பிள்ளை, சொல்லி வைத்தாற்போல், கும்பகோணம். முந்தின நாள் மத்தியானம் இரண்டு பிராஞ்சையும் மெர்ஜ் செய்தேன். 'கான்ஃப்ளிக்ட்' என்றது திரை. ஒரே இடத்தில் இருவரும் கை வைத்திருக்கிறீர்கள், யார் சொன்னதை வைத்துக்கொள்ள என்று கிட் கேட்கிறது. மறுபடி முயன்றேன். "முந்தின மெர்ஜே முடியவில்லை" என்றது. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன் (கம்ப்யூட்டர் படித்தவர்கள் கடைசியில் செய்வதும் அதுதான்). அசையவில்லை.

ஹேமாவிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை. போன் போட்டேன்.

"ஹலோ, சொல்லுங்க" என்றார் ஹேமா.

மோட்டாரைத் தவிர யாரிடமும் பேசாமல் கிடந்த தொண்டை. காற்றுதான் வந்தது. செருமினேன். "ஒண்ணுமில்ல... சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது.

இணையத்தில் ஒரு புண்ணியவான் இரண்டு கட்டளைகள் கொடுத்திருந்தார். அடித்தேன், கான்ஃப்ளிக்ட் மாயமானது. "தகராறை நானே தீர்த்துவிட்டேன்" என்று கிட்டிடம் சொல்லும் கட்டளைகள் அவை. கிட் பாவம், நம்பிவிட்டது. உண்மையில் அது, சீட்டில் அப்படியே அச்சாகும் பந்தி வரிசைக் கோப்பில் இருவர் எழுதியதையும் விட்டுவைத்து, மேலே இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறிகள், நடுவே சமக்குறிகள், கீழே வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறிகள் என்று அடையாளம் போட்டு வைத்திருந்தது. திறந்து பார்த்து, வேண்டாததை நான் அழித்திருக்க வேண்டும். திறக்கவே இல்லை. அண்ணாச்சியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகப் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டேன்.

மறுநாள் சட்டை இஸ்திரி போட்டு மண்டபத்துக்குப் போனேன். முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. விளம்புகிறவர்களின் தலைவர் செல்லப்பன் அண்ணன், பாயச வாளியோடு ஓர் ஆளைப் பந்தியின் ஒரு தலையிலும், ரச வாளியோடு இன்னோர் ஆளை மறு தலையிலும் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன செய்யுதீங்க?"

"சீட்டுல உள்ளபடிதான் மக்கா. அணு அளவு மாறப்பிடாதுன்னு அண்ணாச்சி சொல்லியாச்சு." சீட்டை என் மூக்கருகே பிடித்தார். "இந்தா, இந்த அம்பு அந்தப் பக்கம், இந்த அம்பு இந்தப் பக்கம். நடுவுல சமம். பொண்ணு வீட்டு மொறையும் மாப்ள வீட்டு மொறையும் ஒண்ணுபோலன்னு போட்டிருக்கிய. நல்ல யோசனைல்லா!"

அரை வினாடி நானே மெச்சிப்போனேன். அதற்குள் வாளிகள் கிளம்பிவிட்டன. இரண்டு பேருமே குனிந்த தலை நிமிராமல் விளம்புகிற கெட்டிக்காரர்கள். பந்தியின் நட்ட நடுவில் சந்தித்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். இந்தப் பக்கமிருந்து அடைப்பிரதமன் பாயசம், அந்தப் பக்கமிருந்து மிளகு ரசம், ஒரே நேரத்தில் ஒரே இலையில் இறங்கின.

"ஏலே, நிறுத்துங்கலே!" என்று அண்ணாச்சி ஓடி வந்தார்.

தாய்மாமன் இலையைப் பார்த்தார். பிறகு, எதிரே வாய் பிளந்து நின்ற என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, இது உங்க ஊர் வழக்கமா?"

"ஆமா சார்" என்றேன்.

அவர் மரியாதை தெரிந்த மனிதர். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து கை கழுவப் போனவர் பந்திக்குத் திரும்பவில்லை. பெண்ணின் அப்பா அண்ணாச்சியை ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். அண்ணாச்சி எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி எனக்குப் போட்டார்.

"நாகர்கோவில் ஆபீஸ் பேச்சை இப்போதைக்கு விட்டுருவோம்ப்பா. நீ வீட்ல இருந்தே பாரு."

அவர் திட்டியிருக்கலாம். வீட்டிலிருந்தே பார் என்றதைத்தான் தாங்க முடியவில்லை. கண் கலங்கியதை யாரும் பார்க்கும் முன் வெளியேறிவிடலாம் என்று வாசலுக்கு நடந்தேன். செல்லப்பன் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"எங்க போற? சாப்ட்டியா?"

"பசிக்கல அண்ணே."

"பசிக்காதாம்லா! வாடே இஞ்ச."

சமையல்காரர்களும் விளம்புகிறவர்களும் உட்காரும் கடைசிப் பந்தி அது. என்னை நடுவில் தள்ளி உட்கார வைத்தார்கள். பருப்பு வந்தது, சாம்பார் வந்தது. அப்புறம் அதே இரண்டு பேர் அதே வாளிகளோடு இரண்டு தலையிலிருந்தும் கிளம்பி, வேறு யாருக்கும் விளம்பாமல், நேராக என் இலையில் வந்து ஒன்றாக ஊற்றினார்கள். பந்தி முழுக்கச் சிரித்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த அண்ணாச்சி முறைத்துப் பார்த்தார், அடக்கிப் பார்த்தார், கடைசியில் அவருக்கும் புரையேறியது.

அன்றிலிருந்து எனக்கு 'நடு எலை' என்று பெயர். நாஞ்சில் நாட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் விளம்புகிறவர்களில் ஒருவராவது "நடு எலைக்கு ரெண்டும் சேத்து விடட்டா?" என்கிறார். மஸ்கட்டிலிருந்து திரும்பிய அம்மா இந்தக் கதையைக் கேட்டதே செல்லப்பன் அண்ணனிடம்தான். இப்போது என் மனைவி, தான் அங்கே நின்று பார்த்ததைப் போல நடித்தே காட்டுகிறாள்.

அந்தக் கலவை எப்படி இருந்தது என்று கேட்காதவர்கள் கிடையாது. கண்ராவி என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். அன்று அதை நான் இலையில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வழித்துத் தின்றேன். இடப்பக்கம் ஓர் ஆள், வலப்பக்கம் ஓர் ஆள் இருக்க நான் சாப்பிட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. அதன் ருசி சத்தியமாக எனக்குத் தெரியாது.