டெரிக்கின் ஒப்பந்தமும் என் காறையெலும்பும்

சிரித்துக்கொண்டு பேனையை நீட்டுகிறவனுடைய சப்பாத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அத்தானின் கொள்கை. சப்பாத்து பளபளவென்றிருந்தால் அவன் ஏமாற்றுக்காரன். ஊத்தையாக இருந்தால், இன்னும் சரியாகத் தொழில் பழகாத ஏமாற்றுக்காரன்.

அத்தானைக் குறை சொல்ல முடியாது. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று அவரிடம் காசு வாங்கிய முதலாவது ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் ஒரு அறையில் இருத்திவிட்டு மாயமானான். இரண்டாமவன் "இதுதான் மொன்றியல்" என்று இறக்கிவிட்ட ஊரில் ஒட்டகம் நின்றது. (ஒட்டகத்தைக் கண்ட பிறகும் அரைநாள் நம்பிக்கையோடுதான் இருந்தாராம். இதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.) மூன்றாவது ஆள்தான் ஒருவழியாக அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தான். அத்தான் அவனையும் இன்றுவரை நம்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அக்கா, அத்தான், நான் மூவரும் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடத்தை விட்டு, ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பேஸ்மென்றுக்குக் குடிவந்தோம். மேலே வீட்டுக்காரர் பிராங், அவர் மனைவி லின்டா, ஒரே மகன் டெரிக். பிராங் லொறி ஓட்டுகிறவர். டெரிக்குக்குப் பத்தொன்பது வயது. கதவால் வரும்போது குனிந்து, பக்கவாட்டில் திரும்பித்தான் வருவான். ஐஸ் ஹொக்கியில் பின்வரிசையில் நின்று, பந்துக்குப் பதிலாக இருக்கும் கறுப்பு வட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறவனைத் தோளால் இடித்து விழுத்துவது அவன் பொறுப்பு. வீட்டிலோ பூனைக்குட்டி மாதிரி. பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவான். அத்தான் அதையும் சந்தேகித்தார். "வாடகையைக் கூட்டப் போறாங்களோ தெரியேல்லை."

நான் அப்போது ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் வேலை பார்த்தேன். வேலை என்றால் போட்டோக்கொப்பி எடுப்பது. ஆனால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கொப்பி எடுத்தேன். எங்கள் சனத்தில் பலர் என்னை "லோயர் தம்பி" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பட்டத்தைச் சுமப்பதற்கு ஏற்ற மாதிரி, எதைக் கேட்டாலும் கண்ணைச் சுருக்கி, "ம்ம்... உதுக்குள்ள ஒரு சிக்கல் இருக்கு" என்று சொல்லப் பழகியிருந்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

அந்தப் பேரும் புகழும் மேல்மாடிவரை எட்டிவிட்டது. ஒருநாள் பிராங் படியிறங்கி வந்தார்.

"டெரிக்கை ட்ராஃப்ட் பண்ணினது தெரியும்தானே? ஞாயிற்றுக்கிழமை அவனுடைய ஏஜென்ட் ஒப்பந்தத்தோடு வருகிறார். எங்களுக்குச் சட்டப் பேச்சு விளங்காது. நீயும் வந்து பக்கத்தில் இரேன்."

அவர் போனதும் அத்தான் என் கையைப் பிடித்தார்.

"பெடியனை ட்ராஃப்ட் எடுத்தவங்களோ? எந்த பாங்கிலை? ஏஜென்ட் எண்டும் சொல்லுறான். டேய், இந்தப் பிள்ளையை ஆரோ கடத்தப் போறாங்கள்."

நான் டெரிக்கிடமே போய்க் கேட்டேன். அவன் பொறுமையாக விளங்கப்படுத்தினான். ஒவ்வொரு வருசமும் பெரிய அணிகள் வரிசையில் நின்று பதினெட்டு வயதுப் பெடியன்களைப் பெயர் சொல்லித் தெரிவுசெய்யும். அதற்குப் பெயர் ட்ராஃப்ட். தெரிவுசெய்த அணியோடு மட்டும்தான் அவன் பேசலாம்.

"உனக்குப் பிடிச்ச அணிக்குப் போக முடியாதா?"

"முடியாது."

"வேறு அணி கூடச் சம்பளம் தந்தால்?"

"தர விடமாட்டார்கள்."

இதை அத்தானிடம் சொன்னேன். "கலியாணப் பேச்சிலை கூடப் பொம்பிளை மாட்டன் எண்டு சொல்லலாமடாப்பா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டு மேலே போனேன். (கை நீளம். விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.) அழைக்காமலே அத்தானும் பின்னால் வந்தார். மேசையில் பெரிய இறைச்சித் துண்டு ஒன்று ஆவி பறக்க இருந்தது. ஏஜென்ட் எழுந்து கை தந்தார். பெயர் கிரெக். அத்தான் என் விலாவில் இடித்தார். பார்த்தேன். சப்பாத்தில் முகம் பார்க்கலாம்.

நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினேன்.

"உங்கள் காசை எப்போது எடுப்பீர்கள்? போக முதலா, போய்ச் சேர்ந்த பிறகா?"

"அவனுக்குச் சம்பளம் வந்த பிறகு, அதில் ஒரு சின்னப் பங்கு."

அத்தானுக்கு மொழிபெயர்த்தேன். முகம் இருண்டது. "பிறகு எடுக்கிறானோ? அப்பிடி ஒரு ஏஜென்சிக்காரன் உலகத்திலை இல்லை."

"கையெழுத்து வைத்தவுடனே டெரிக்குக்கு ஒரு தொகையும் கிடைக்கும்," என்றார் கிரெக்.

"என்னது? பயணம் போறவனுக்கு அவன் காசு குடுக்கிறானாமோ!" அத்தான் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு அதோடு வழக்கு முடிந்துவிட்டது.

கிரெக் தாளைத் திருப்பினார். "இது இரண்டு வழி ஒப்பந்தம். பெரிய அணியில் விளையாடினால் ஒரு சம்பளம். தேறவில்லை என்று சின்ன அணிக்கு அனுப்பினால் இன்னொரு சம்பளம். மிகக் குறைவு."

"அனுப்புவதை யார் முடிவுசெய்வது?"

"அணி."

"இவன் பெரிய கெட்டிக்காரனாக விளையாடினால் சம்பளத்தைக் கூட்டுவார்களா?"

"முதல் மூன்று வருசத்துக்கு இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு உச்ச வரம்பு வந்துவிட்டது. முன்பு பெடியன்கள் கேட்டதெல்லாம் வாங்கினார்கள். இப்போது முடியாது. முதலாளிகளும் விளையாட்டுக்காரரின் யூனியனும் பேசி ஒப்புக்கொண்ட விதி."

"அந்தப் பேச்சு நடந்தபோது டெரிக் யூனியனில் இருந்தானா?"

கிரெக் தாளை மேசையில் வைத்தார். "இல்லை. அவன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள்தான் பேசினார்கள்."

லின்டா கணவனைப் பார்த்தார். பிராங் தட்டைப் பார்த்தார். மூன்று மாதம் போட்டோக்கொப்பி எடுத்த ஒருவன், தெரியாத்தனமாக ஒரு நல்ல கேள்வியைக் கேட்டுவிட்டான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து கிரெக் கேட்டார். "அணி அமெரிக்க அணி. அங்கே வேலை அனுமதிக்கு டெரிக்கின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அசலைத் தாருங்கள், கொண்டுபோய்த் திருப்பித் தருகிறேன்."

லின்டா அதை எடுத்து மேசையில் வைத்தார்.

அசல்! கொண்டுபோய்! திருப்பித் தருகிறேன்! இந்த மூன்று சொல்லையும் அத்தான் பாங்கொக்கில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். இங்கிலிஷ் அரைகுறைதான், ஆனால் இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கிரெக்கின் கை நீள முதல் அத்தானின் கை பாய்ந்தது. சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

"டேய், வாடா!"

ஒரு சட்டத்தரணி என்ன செய்திருப்பாரோ எனக்குத் தெரியாது. நான் ஓடினேன்.

பேஸ்மென்ற் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, முதுகால் முண்டு கொடுத்து நின்றேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா. "இஞ்சாருங்கோ, என்ன களவெடுத்துக்கொண்டு வாறியள்?"

"பெடியனைக் காப்பாத்திறம். நீ பேசாமல் இரு," என்று சொல்லிக்கொண்டு அத்தான் சான்றிதழை அரிசி வாளிக்குள் புதைத்தார்.

வெளியே டெரிக்கின் குரல் கேட்டது. மிகவும் மரியாதையான குரல். "தயவுசெய்து திறக்கிறீர்களா?"

"சட்டப்படி ஆலோசித்துவிட்டுத் திறக்கிறோம்!" என்று கத்தினேன்.

"டெரிக், மெதுவாக!" என்று பிராங் சொன்னது கேட்டது. அவன் மெதுவாகத்தான் தள்ளினான் என்று பின்னாளில் சத்தியம் பண்ணினான். நான் நம்புகிறேன். அவனுடைய மெதுவுக்கும் எங்களுடைய மெதுவுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தில்தான் கதவு பிணைச்சலோடு கழன்றது. நான் பறந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியில் தோளால் மோதினேன். டக்கென்று ஒரு சத்தம். முட்டை உடைந்ததென்று அக்கா நினைத்தாவாம். உடைந்தது என் காறையெலும்பு.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அரிசிக்குள் கையை விட்டுச் சான்றிதழை எடுத்து, ஊதித் தூசு தட்டி, டெரிக்கிடம் கொடுத்தார்.

டெரிக்தான் என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் பிராங் பதிகிற மேசையில் நிற்க, நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். அவன் கண் கலங்கியிருந்தது. நூறு தடவை மன்னிப்புக் கேட்டிருப்பான்.

பிறகு சொன்னான். "நீங்கள் கேட்ட அந்த யூனியன் விசயம், அதை நானும் கிரெக்கிடம் கேட்டேன். எனக்கும் கோபம்தான்."

"அப்போ ஏன் கையெழுத்து வைக்கிறாய்?"

"வைக்காவிட்டால் காத்திருந்து திரும்பவும் ட்ராஃப்டுக்குப் போகலாம். இன்னொரு அணி எடுக்கும். அங்கேயும் இதே வரம்பு. அதற்குள் என்னைவிட இளையவன் ஒருவன் வந்துவிடுவான். இந்த மூன்று வருசத்தைத் தாண்டினால்தான் நல்ல சம்பளம் கேட்கலாம். முழங்கால் அதுவரை தாங்க வேணும். கன பேருக்குத் தாங்குவதில்லை."

பத்தொன்பது வயதில் நான் இவ்வளவு தெளிவாக எதையும் பேசியதில்லை.

"உங்கள் அத்தான் இரண்டு தடவை ஏமாந்த பிறகும் மூன்றாவது ஏஜென்டிடம் ஏன் போனார்?" என்று கேட்டான்.

"வேறு வழி இருக்கவில்லை."

"ம்," என்று தலையாட்டினான். பிறகு இரண்டு பேரும் சுவரில் இருந்த கைகழுவும் விளக்கப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் காலை அவன் கையெழுத்து வைத்தான். கிரெக் வாசலில் காருக்குள்ளேயே இருந்தாராம், அத்தான் வேலைக்குப் போகும்வரை. பெரிய அணியின் பயிற்சி முகாம் முடிய, டெரிக்கைச் சின்ன அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு சிறிய ஊர். இன்னும் இரண்டு விளையாட்டுக்காரரோடு ஓர் அறையில் மெத்தையை நிலத்தில் போட்டுப் படுத்தான். பெரிய அணியில் யாருக்காவது காயம் என்றால் மேலே கூப்பிடுவார்கள். அங்கே நின்ற நாட்களுக்கு மட்டும் பெரிய சம்பளம், நாட்கணக்கில் பிரித்து. காயம் ஆறியதும் திரும்பக் கீழே. மூன்றாவது வருசம் முடிகிற நேரம் முழங்கால் போனது. இப்போது தகப்பனைப் போல லொறி ஓட்டுகிறான். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்குகிறான். கசப்பாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. "மேலே விளையாடினேன்தானே," என்பான்.

கிரெக், சின்னச் சம்பளத்தில் பங்கு எடுக்கவே இல்லை என்று பிராங் சொன்னார். அத்தான் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். "அப்ப உவன் வேறை எங்கையோ அடிக்கிறான்."

எனக்கு வந்த வினை வேறு. கையைக் கட்டித் தூக்கிக்கொண்டு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனபோது எல்லோரும் என்னவென்று கேட்டார்கள். "ஹொக்கிக்காரனோட இடிபட்டது," என்றேன். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஆனால் அந்தச் செய்தி மண்டபத்தைச் சுற்றிச் சாப்பாட்டு வரிசைக்கு வரமுதல் நான் ஐஸ் ஹொக்கி வீரனாகிவிட்டேன். இரண்டு வருசம் கழித்து யூனியன்வில்லில் இருந்து எனக்கொரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பன் அத்தானிடம் விசாரித்தாராம். "மாப்பிள்ளை ஹொக்கி விளையாடுறவராமே?"

யாரையும் நம்பாத அத்தான், அன்றைக்கு மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "பின்ன! எலும்பு முறிய விளையாடினவன்," என்றார்.

பெண் இங்கே வளர்ந்தவள். சனிக்கிழமை இரவு ஹொக்கி பார்க்காமல் சாப்பிடமாட்டாள். முதன்முதலாகத் தனியே பேசவிட்டபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் எந்த இடத்திலை விளையாடினனீங்கள்?"

"டிஃபென்ஸ்," என்றேன். கதவைத்தானே காத்தேன்.

கலியாணம் முடிந்த முதல் மார்கழியில் அவள் என்னை ஐஸ் திடலுக்குக் கூட்டிப்போனாள். அன்றைக்கு நான் வேலியைப் பிடித்த பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையொன்று வந்து என்னிடம் "பயப்படாதீர்கள்" என்றது.

இதெல்லாம் நடந்து வருசக்கணக்காகிவிட்டது. இன்றைக்கும் வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும், அம்மாவும் அப்பாவும் எப்படிக் கலியாணம் செய்தார்கள் என்று என் பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பார்கள். மனைவி தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வாள்:

"நான் பிழையான ஆளை ட்ராஃப்ட் பண்ணிப்போட்டன். கீழை அனுப்புறதுக்கு எங்கட வீட்டிலை ஒரு சின்ன அணியும் இல்லை."