முப்பத்தோராம் பக்கத்து உரக்குழி

இராஜாக்கமங்கலம்,
ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.

‘நாளைக்கும் கொஞ்சம்’ என்னும் சிறுவர் சமையல் புத்தகத்தின் ஆசிரியர் திரு. ஆன்ஸ்லின் அவர்கள் சமூகத்துக்கு,

முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவனும், மேற்படி புத்தகத்துக்குப் படம் வரைகிறவனும், தங்கள் தாயாரின் உடன்பிறந்த தம்பியுமான ரசலையன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவால் இங்கே தங்கள் மாமி ராஜபாய் முழுச்சுகம். நான் முழங்காலுக்கு மேலே சுகம். அங்கே தாங்களும் தங்கள் மனைவியும், தங்களோடு இருக்கிற என் அக்கா ஓமனாவும் தலை முதல் கால் வரை சுகமாக இருக்கும்படி தினமும் ஜெபிக்கிறோம்.

இது ஆபீஸ் விஷயம். ஆகையால் மாமன் மருமகன் உறவை ஓரமாக வைத்துவிட்டு மரியாதையாகவே எழுதுகிறேன். வாட்ஸப்பில் பன்னிரண்டு தடவை எழுதியாயிற்று. நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. அதனால்தான் தபாலுக்கு வந்தேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று. முப்பத்தோராம் பக்கத்தின் அடியில் இருக்கிற ஒரு வரியைத் தாங்கள் மாற்றித் தர வேண்டும். மாற்றாவிட்டால் நான் இன்னும் எத்தனை நாள் தரைக்கு மேலே இருப்பேன் என்று சொல்வதற்கில்லை. இதைப் பேச்சுக்காக எழுதவில்லை. கணக்குப் பார்த்தேன், மூன்று வாரம்.

உலகத்தைக் கெடுக்காமல் சாப்பிடுவது எப்படி என்று ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகம் என்றுதான் இந்த வேலையை என்னிடம் தந்தீர்கள். முப்பத்திரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு பலகாரமோ கறியோ, ஒரு படம், அடியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய ஒரு வரி. வரிகளைச் சென்னையில் தாங்கள் எழுதினீர்கள், ஏதோ ஒரு குழு உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்தது. படம் மட்டும் என் பொறுப்பு. எனக்கு மனசிலிருந்து வரைய வராது என்பது தங்களுக்குத் தெரியும். மேசைமேல் கத்திரிக்காய் இருந்தால்தான் தாளில் கத்திரிக்காய் வரும். ஆகவே ராஜபாய் சமைத்தாள், நான் பார்த்து வரைந்தேன், பிறகு இருவருமாகச் சாப்பிட்டோம். இந்த வகையில் எனக்கு இரண்டு கிலோ கூடியது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

முதலில் வரைந்தது நாலாம் பக்கம், சாளை மீன் புளிமுளக் குழம்பு. சட்டியும் மீனும் நன்றாகவே அமைந்தன. ஓரத்தில் சும்மா அழகுக்கு ஒரு குஞ்சுச் சாளை, சுண்டுவிரல் நீளத்தில். அதன் அடியில் தங்கள் வரி: ‘குஞ்சு மீனைப் பிடிக்காதே, வளர விடு.’ நல்ல வரி என்று நானும் தலையாட்டினேன். படத்தைக் காயப் போட்டுவிட்டுச் சாயா குடித்து வந்து பார்த்தால் மீன் நடுவிரல் நீளம் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் நடுவிரல் நீளம்தான். மறுநாள் ஒரு சாண். ஸ்கேன் எடுக்க ஜெராக்ஸ் கடை குமாரதாஸிடம் கொண்டுபோனேன். நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு எதற்கும் பதறாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷன் அவர். தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, “சாரே, இந்த மீனுக்க வாலு எங்க கெடக்கு?” என்று கேட்டார். வால் எதிர்ப்பக்கத்தில் நான் வரைந்திருந்த மரச்சீனிக் கிழங்குப் பானைக்குள் கிடந்தது. மரச்சீனியைக் காணவில்லை.

அன்றைக்கே தங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ‘மாமாவுக்கு வயசாகிவிட்டது’ என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பீர்களோ என்று சொல்லவில்லை. அதற்குள் ஒன்பதாம் பக்கத்தில் பலாச்சக்கைப் பழம் போயிற்று. அதன் வரி, ‘அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதையே சாப்பிடு.’ ஊரில் கடைசிச் சக்கை இறங்கிய வாரம் படத்திலும் சுளை எல்லாம் மறைந்து வெறும் தட்டு மிச்சம். தட்டில் நான் வரையாத ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கையால் விரட்டினேன், அசையவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தட்டின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தது. தாங்கள் போனில், “மாமா, பழம் எங்க?” என்று கேட்டபோது, “திருத்திக்கிட்டு இருக்கேன்” என்று சொன்னது பொய். ஆண்டவர் மன்னிக்கட்டும். பதினாலாம் பக்கத்தில், ‘தட்டில் மிச்சம் வைக்காதே’ என்ற வரிக்கு மேலே நான் வரைந்த அவியலை யாரோ வழித்து நக்கியிருக்கிறார்கள். நாலு விரல் தடம் தெளிவாகத் தெரிகிறது. சின்ன விரல்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் கிடையாது என்பதும் தங்களுக்குத் தெரியும்.

ராஜபாயிடம் மறைக்க முடியவில்லை. அவள் பார்த்த பார்வையிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நம் ஆட்கள் முதல் வாழைக்குலை, முதல் தேங்காய், கோழி இட்ட முதல் முட்டை எல்லாவற்றையும் சபைக்குக் கொடுத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுகிற வழக்கம் உண்டல்லவா? “மொத படத்த ஆண்டவருக்குக் குடுக்காம நீங்களே வச்சிருக்கிய. பின்ன எப்படி வெளங்கும்?” என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு நாலாம் பக்கத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் காணிக்கைப் பொருட்களோடு வைத்துவிட்டாள். ஒரு சேவலுக்கும் மட்டிப்பழக் குலைக்கும் நடுவில் என் சாளை ஏலம் போயிற்று. குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிற ஷாஜன் எடுத்தான். புது வீட்டுச் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னான்.

நாலாம் நாள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கையில் தாள். “மாமா, குடுத்தது சபைக்குக் குடுத்ததாவே இருக்கட்டும். இத நீங்க எடுத்துக்கிடுங்க” என்றான். என்ன விஷயம் என்று கேட்டேன். மாட்டிய சுவர் மட்டும் நனைந்து ஊறுகிறதாம். சுவரை நக்கிப் பார்த்தானாம், உப்பு. பூனை தின்னாமல் குடிக்காமல் மூன்று நாளாகச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறதாம். ஏலத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்தது எங்கள் சபையில் இதுதான் முதல் தடவை. தாளை விரித்தேன். மீன் தாள் கொள்ளாமல் வளர்ந்துவிட்டது. இப்போது தாள் முழுக்க ஒரு கண் மட்டும் இருக்கிறது. பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பீரோப் பக்கம் போகிறபோது நான் குனிந்துதான் போகிறேன்.

மக்கா, இனிமேல் ‘தாங்கள்’ என்று எழுதக் கை வரவில்லை. கேள்.

இத்தனைக்கும் நான் பயப்படவில்லை. மீனும் சக்கையும் உன் வரிப்படி நடக்கின்றன, நடந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அப்புறம்தான் முப்பத்தோராம் பக்கம் ஞாபகம் வந்தது. உரக்குழிப் பக்கம். அதன் அடியில் நீ என்ன எழுதி வைத்திருக்கிறாய்? ‘மண்ணிலிருந்து வந்ததெல்லாம் மண்ணுக்கே போகட்டும்.’ காய்கறித் தோலைத்தான் நினைத்து எழுதினாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ தோல் என்று எழுதவில்லையே, எல்லாம் என்று எழுதிவிட்டாயே! கல்லறைத் தோட்டத்தில் போதகர் பிடிமண் போடுகிற நேரத்துப் பேச்சை யாராவது சமையல் புத்தகத்தில் போடுவார்களா? அந்தக் குழிக்குப் பக்கத்தில் வாளியோடு ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்றும் நீதான் சொன்னாய். பார்த்து வரைய ஆள் கிடைக்காமல், பீரோக் கண்ணாடிக்கு முன்னால் இடுப்பில் சாரம் கட்டி, சக்கைத் தோல் வாளியைப் பிடித்துக்கொண்டு நானே நின்று என்னையே வரைந்தேன். வழுக்கை முதற்கொண்டு அச்சு அசல் நான்தான்.

எடுத்துப் பார்த்தபோது படத்தில் எனக்குப் பாதம் இல்லை. குழி நான் வரைந்ததைவிட அகலமாகி, நான் கணுக்கால் வரை உள்ளே நிற்கிறேன். அன்று சாயங்காலம் ராஜபாய் சத்தம் போட்டாள். “தொடச்ச எடத்துல மண்ணுக் காலோட நடக்காதீங்கன்னா கேக்க மாட்டியளா?” நான் காலையிலிருந்து வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. கட்டிலில்தான் படுத்திருந்தேன். குனிந்து பார்த்தால் விரலிடுக்கெல்லாம் கறுப்பு மண், நல்ல ஈரமாக, சக்கை மணத்தோடு. மறுநாள் கழுவின தண்ணீரில் ஒரு மண்புழு. ஒரு வாரத்தில் படத்தில் முழங்கால் வரை போய்விட்டேன். இங்கே முழங்காலுக்குக் கீழே சில்லென்று இருக்கிறது, கல்லைக் கட்டினது போலக் கனக்கிறது. நாகர்கோவிலில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். பெருவிரல் நகத்தடியில் தலைமுடி மாதிரி வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், “இது வேருல்லா?” என்றார். பிடித்து லேசாக இழுத்தார். இடுப்பில் சுளீர் என்றது. விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து, தோட்ட வேலையைக் குறைக்கச் சொன்னார்.

நான் சும்மாவும் இருக்கவில்லை. குழிமேல் வெள்ளைச் சாயம் பூசினேன். காலையில் சாயத்தைத் தோண்டி ஓரத்தில் குவித்து வைத்திருந்தது. கத்தரிக்கோலால் என்னை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று தொடங்கினேன். தாளில் கத்தரி வைத்ததும் தொடையில் ரத்தக் கோடு. கடைசியில் ஆளே இல்லாமல் வெறும் குழியை வேறு தாளில் வரைந்து போட்டோ அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டாய். அப்படியே எழுதுகிறேன்: “மாமா, குழி மட்டும் தனியா இருந்தா பிள்ளைங்க பயப்படும். யாராவது ஒருத்தர் நிக்கணும். நல்ல முகமா, சிரிச்ச முகமா இருக்கணும். வரியை மட்டும் கேக்காதீங்க, கமிட்டி ஓகே பண்ணியாச்சு, ஒரு எழுத்துகூட மாத்த முடியாது.” அந்த வெறுங்குழித் தாளையும் வைத்திருக்கிறேன். பக்கத்தில் போனால் காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கிறது. ஆள் கேட்கிறது போலிருக்கிறது.

ராஜபாய், “ஒங்களையும் ஏலத்துல விட்டுப் பாத்தா என்ன?” என்று கேட்டாள். சேவலுக்குப் பக்கத்தில் வைத்து என்னைச் சபையார் விலை கேட்கிற அவமானத்துக்குக் குழியே தேவலை. யாரும் கேட்காமல் போனால் அதைவிட அவமானம்.

பயமாக இருக்கிறது மக்கா. சாவுக்குப் பயப்படவில்லை, அறுபத்திரண்டு வயசாயிற்று, போகிற இடம் எது என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் மட்கின வாழைத்தாருக்கும் மீன் செதிலுக்கும் நடுவில், நின்ற வாக்கில், கையில் வாளியோடு போவது நம் விசுவாசப் பிரமாணத்தில் எங்கேயும் சொல்லப்படவில்லை. வேறு யாரையாவது அந்த இடத்தில் வரைந்து நிறுத்தினால் நான் தப்பிப்பேன் என்று குமாரதாஸ் சொன்னார். நினைத்துப் பார்த்தேன். குமாரதாஸுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். ஷாஜனுக்கு லீவு முடியப் போகிறது. என் உயிருக்காக இன்னொரு உயிரைக் குழியோரம் நிறுத்த என் மனசாட்சி ஒருபோதும் சம்மதிக்காது. இருபது வருடம் சபையில் கமிட்டி மெம்பராக இருந்தவன் நான். ஆகவே அந்தக் குழுவின் காலில் விழுந்தாவது வரியை மாற்று. ‘காய்கறித் தோலைக் குழியில் போடு’ என்று எழுது, போதும். அதில் எனக்கு எந்த ஆபத்தும் இல்லை.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லாதே, அவளுக்கு பிரஷர். உன் வீட்டாருக்கும் உன் கையின் பிரயாசங்களுக்கும் ஆண்டவர் காவலாக இருப்பாராக. நீ எங்கே கால் வைத்தாலும் அந்த இடம் உறுதியாக இருக்கும்படி வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இடுப்புக்குக் கீழே குறைந்துகொண்டிருக்கும்
உன் மாமா,
ரசலையன்.

பின்குறிப்பு, வியாழக்கிழமை: தபாலாபீஸ் வரை நடக்க முடியாமல் இந்தக் கடிதம் இரண்டு நாள் மேசைமேலேயே கிடந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. நேற்று மதியம் ராஜபாய் உன் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தாள். “நல்ல மொகமா வேணும்னு அவன்தான கேட்டான்? இந்தா இருக்கு நல்ல மொகம்” என்றாள். பார்த்து வரைய ஆள் இருந்தால் எனக்கு வேலை வேகமாக நடக்கும். வெறுங்குழித் தாளில் ஒரு மணிநேரத்தில் முடித்தேன். கோட்டு சூட்டை எடுத்துவிட்டு உனக்கு வேட்டி கட்டிவிட்டிருக்கிறேன், வாளியும் கொடுத்திருக்கிறேன். காற்றுச் சத்தம் நின்றுவிட்டது. இன்று காலை என் கால் பஞ்சு போல இருக்கிறது, வேர் தானாக உதிர்ந்துவிட்டது, ராஜபாய் துடைத்த தரை துடைத்தபடியே இருக்கிறது. நானே நடந்துபோய் இதைத் தபாலில் சேர்க்கிறேன். சற்றுமுன் அக்கா போன் செய்தாள். நீ ஆபீஸ் போகவில்லையாம், சாக்ஸுக்குள் ஒரே மண்ணாம், ஐந்தாவது மாடியில் ஏது மண் என்று கேட்கிறாள். வரியை மாற்ற வேண்டாம். அருமையான வரி, ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே. நீ கேட்டபடி சிரித்த முகமாகவே வரைந்திருக்கிறேன். முகம் கடைசியில்தான் போகும், அதற்குள் புத்தகம் வந்துவிடும்.