மாப்பிள்ளை வந்தபோது அண்ணனை வெட்டிக்கொண்டிருந்தேன்

பெண் பார்க்க வரும் நாளில் பெண்ணுக்கு அதிக வேலை இல்லை. குளிக்க வேண்டும், சேலை கட்ட வேண்டும், கேசரியைத் தான்தான் கிண்டியதாகத் தலையாட்ட வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். நான் மட்டும் அந்த நேரத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அண்ணனின் கழுத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் ஜப்பான்காரர்கள். அவர்களுடைய பழைய, மலிவான, ரத்தம் கொப்பளிக்கும் பழிவாங்கும் படங்களின்மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். வெள்ளைக் கிமோனோவில் ஒருத்தி பனியில் தனியாக வருவாள். எதிரே வாளோடு ஓர் ஊரே நிற்கும். அவள் ஒரு வீச்சு வீசுவாள். எதிரி கொஞ்சம் யோசிப்பான். பிறகு அவன் கழுத்திலிருந்து குழாய் உடைந்தாற்போல ரத்தம் பீய்ச்சும். (மனுஷ உடம்பில் அவ்வளவு ரத்தம் கிடையாது என்பான் அண்ணன். கலை தெரியாதவன்.) ரப்பர் மிருகம் அட்டை நகரத்தை மிதிக்கும் படம், பெண் ரவுடிகள் மோட்டார் சைக்கிளில் சங்கிலி சுழற்றும் படம் எல்லாமே எனக்கு உயிர். பார்த்துவிட்டுப் படுத்தால் குழந்தை மாதிரி தூங்குவேன்.

அம்மாவின் கண்ணுக்கு இது ஒரு வியாதி. மலைப்பாதையில் கீழே இருக்கும் ரிங்லெட் ஊரில் பூப்பண்ணை வைத்திருக்கும் சரவணன் வீட்டார் பெண் பார்க்க வருவதாக முடிவானதும் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

“அந்தப் படத்தப் பத்தி மாப்பிள வீட்டுல வாயத் தொறக்காத. கல்யாணம் ஆனா அதெல்லாம் நிப்பாட்டிடணும், புரியுதா?”

புரிந்தது. சரவணனை எனக்குப் பிடித்திருந்ததுதான் சிக்கல். ஒரு கல்யாண விருந்தில், வெட்கமே இல்லாமல் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்த மனிதர். அவரையும் விட மனமில்லை, ரத்தத்தையும் விட மனமில்லை. சரி, விடுவதற்கு முன் ஒரே ஒரு படத்தை நானே எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

அண்ணனுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. பெண் பார்ப்பதும் அதே ஞாயிறு, மாலையில். அதற்குள் பகலிலேயே படத்தை எடுத்துவிடலாம் என்றிருந்தோம். சனி ஞாயிறுகளில் மலையேறும் சுற்றுலாக் கார்கள் நெரிசலில் வழியிலேயே ஜேமாகி நின்றுவிடும் என்பதால், மாலை என்றால் இருட்டித்தான் வருவார்கள் என்பது எங்கள் கணக்கு. அந்த ஜேமுக்குப் பயந்து அவர்கள் காலையிலேயே புறப்படுவார்கள் என்பதும், அன்றைக்கென்று ரோடு காலியாகக் கிடக்கும் என்பதும் கணக்கில் இல்லை.

கிமோனோவுக்கு, பிரிஞ்சாங் ஊர் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் தோழியிடமிருந்து வெள்ளைக் குளியல் அங்கி ஒன்றை இரவல் வாங்கினேன். வாளுக்கு மழுங்கிய பாராங் கத்தி. பனிக்குப் பதில் மலை மூட்டம், அது இலவசம். ரத்தம்தான் என் சாதனை. அண்ணன் தோட்டத்தில் களைமருந்து அடிப்பவன். முதுகில் மாட்டும் பம்பு, மருந்தே படாத புதுசு ஒன்று, அவனிடம் இருந்தது. அதில் ரோஸ் சிரப்பைக் கரைத்து ஊற்றி, அவன் முதுகில் மாட்டி, மேலே மழைக்கோட்டைப் போட்டு, குழாயைக் கழுத்துக்குக் கொண்டுவந்தோம். கூன் விழுந்த வில்லன் தயார். தானே பம்பு அடித்துத் தானே சாக வேண்டும்.

“செத்துக்கிட்டே அடிண்ணே, நிப்பாட்டிடாத” என்று சொல்லிவிட்டுப் போனை ஒரு கல்மேல் சாய்த்து வைத்தேன்.

வீசினேன். அண்ணன் அடித்தான். ரத்தம் ஆள் உயரத்துக்குப் போய் என் தலையில் இறங்கியது. எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் (ஜப்பானியர்களுக்கு அது தெரியாது) அலறினேன். அப்போதுதான் வளைவில் ஒரு வேன் வந்து நின்றது.

பட்டுச்சேலையில், பழத்தட்டோடு ஓர் அம்மாள் ஒரு காலைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மண்ணில் துடித்தபடி விசுவாசமாகப் பீய்ச்சிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டு விழுந்தது.

“ஆண்ட்டி, பயப்படாதீங்க. நாந்தான் பொண்ணு” என்றேன், கையில் பாராங் கத்தியோடு.

எல்லாம் போச்சு என்று தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுபக்கமாக இறங்கி வந்த சரவணன் குனிந்து, அண்ணனின் மழைக்கோட்டைத் தூக்கிப் பம்பைப் பார்த்தார். விரலில் தொட்டு நக்கினார்.

“என்னாங்க இது?”

போவதுதான் போகிறது என்று கிமோனோ, பனி, பழிவாங்கல், ரப்பர் மிருகம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“உங்கண்ணன் சரியா சாகலங்க. அடிக்கறதுலயே கவனமா இருக்காரு. நான் ஒரு வாட்டி செத்துப் பாக்கவா?”

இஸ்திரி போட்ட சட்டைமேல் பம்பை மாட்டிக்கொண்டு செத்தார். எப்பேர்ப்பட்ட சாவு அது! தள்ளாடினார், சுழன்றார், விழுந்தார், யாரும் கேட்காமலே எழுந்து மறுபடி விழுந்தார். இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வேனின் கண்ணாடி மெதுவாக இறங்கி, அந்த அம்மாளின் முகம் தெரிந்தது.

“டேய், இந்தப் பக்கமா திரும்பி சாவுடா. ஒண்ணும் தெரியல.”

அவர்தான் இப்போது என் மாமியார். நான் எதையும் நிப்பாட்டவில்லை. போன மாதம் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கக் கம்போங் ராஜா ஊருக்குப் போயிருந்தோம். பெண் தலைகுனிந்து வந்தாள், தேநீர் கொடுத்தாள், கேசரி தான் செய்ததுதான் என்றாள். திரும்பும் வழியெல்லாம் மாமியார் பேசவே இல்லை. என்ன அத்தை, பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

“நல்ல பொண்ணுதான் லா” என்றார். “ஆனா யாரையுமே வெட்டலியே.”