பத்துப் பொருத்தமும் இரண்டு மீனும்

ஜோசியர் போதாது, கிளி போதாது, கோடாங்கி போதாது என்று 1993 புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மீனும் வந்து சேர்ந்தது.

குழம்புக்கு ஆகிற மீன் இல்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் கடல்தண்ணீர், ஒரு பவளப்பாறைத் துண்டு, குமிழி விடுகிற மோட்டார், கலர் கலராக விரல் நீள மீன்கள். பக்கத்தில் தாடியும் காவியுமாக மச்சானந்த சுவாமி. "பெருமாள் எடுத்த முதல் அவதாரமே மீன்தான்" என்பார். அதற்கு மேல் எவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலை என்ற குன்றேறிப் பெருமாளைச் சேவித்த கூட்டம், இறங்கின கையோடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாமி போட்டிருந்த கொட்டகைக்கு வந்துவிடும். ராஜபாளையத்திலிருந்து வருகிற பஸ்ஸில் படியில்கூட இடம் கிடையாது.

வீட்டில் மீன்தொட்டி வைத்தால் செல்வம் சேருமாம். ஆனால் நட்சத்திரம் பார்த்துத்தான் மீன் வாங்க வேண்டுமாம். அசுவினிக்கு ஆரஞ்சு மீன், ரோகிணிக்கு மஞ்சள், மூலத்துக்குக் கறுப்பு வரி போட்டது. இது எந்த ஏட்டில் இருக்கிறது? அன்றைக்குத் தூத்துக்குடியிலிருந்து என்ன மீன் வந்து இறங்கியதோ, அதுதான் ஏடு. வாங்கின மீன் மூன்றாம் நாள் செத்து மிதந்தால், "உனக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது" என்பார். அழுதுகொண்டு வந்தவன் கும்பிட்டுவிட்டு அடுத்த மீன் வாங்கிப் போவான். செத்தும் சம்பாதித்துக் கொடுக்கிற மீனை நான் அங்கேதான் பார்த்தேன்.

இதைவிடப் பெரிய வியாபாரம் கல்யாணப் பொருத்தம். மாப்பிள்ளைக்கு ஒரு மீன், பெண்ணுக்கு ஒரு மீன், இரண்டையும் ஒரே தொட்டியில் விடுவார். சேர்ந்து நீந்தினால் பொருத்தம். அடித்துக்கொண்டால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம். பரிகாரத்துக்குப் பொன். வருகிற பெண்ணின் காதில் கழுத்தில் என்ன மினுங்குகிறது என்று சாமி முதலில் பார்ப்பார். ஜாதகம் அதற்குப் பிறகுதான்.

ராஜபாளையத்துப் பக்கம் எங்கள் ஊரில் என் பக்கத்து வீட்டுச் சங்கிலிப்பாண்டி, பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரன். அவன் மகள் சந்தனத்துக்குச் சுந்தரபாண்டியத்துக் காளிராஜைப் பேசி முடித்திருந்தது. பையன் லாரி டிரைவர். ஐப்பசியில் முகூர்த்தம், பத்திரிகைகூட அடித்தாயிற்று. பையனின் அம்மா கருத்தம்மாள்தான் மீன் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நானும் கூடப் போனேன்.

சாமி சந்தனத்தின் காதில் இருந்த கல்லுத்தோட்டைப் பார்த்தார். மஞ்சள் வால் வைத்த நீல மீன் இரண்டைத் தொட்டியில் விட்டார். கொஞ்ச நேரம்தான். பெரிய மீன் பாறைப் பொந்துக்குள் புகுந்துகொண்டு, சின்னதைக் கிட்டேயே விடவில்லை. விரட்டி விரட்டிக் கடித்தது. சின்னதன் துடுப்பு கிழிந்துவிட்டது.

"தாலி ஏறினால் ஒரு வருசத்தில் மாப்பிள்ளை கண் போகும்" என்றார் சாமி.

லாரி ஓட்டுகிறவனுக்குக் கண் போகுமாம்! எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே அடித்தார். கருத்தம்மாள் சங்கிலிப்பாண்டி பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எனக்கு ஒத்தப் புள்ள. பரிகாரம் பண்ணுனா கல்யாணம். இல்லன்னா உங்க பொண்ணு உங்களோட, எம் புள்ள என்னோட."

பரிகாரம் என்ன? அந்தக் கல்லுத்தோடு. சந்தனம் இரண்டு வருசம் தறிக்கு நூல் தார் சுற்றி, அந்தக் கூலியில் வாங்கின தோடு. அடுத்த சனிக்கிழமைக்குள் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் மார்க்கெட்டில் மீன் விற்கிற ஏசம்மாளிடம் புலம்பினேன். அவள் அப்பா தருவைகுளத்தில் சங்கு குளித்தவர். பிறந்ததிலிருந்து கடல் தெரிந்தவள்.

"மஞ்ச வால் வச்ச நீல மீனா? பொந்து வேணும் அதுக்கு. அம்புட்டுத்தான். தன் பொந்துகிட்ட கூடப்பொறந்ததைக்கூட விடாது, கடிச்சுத் தள்ளிரும். அண்ணாச்சி, பரிகாரம் எப்படிப் பண்ணுதான்?"

"தொட்டியை மஞ்சத் திரை போட்டு மூடி மந்திரம் சொல்லுதான். திரையை எடுத்தா அதே ரெண்டு மீனும் சாதுவா நிக்கி. நேத்து ஒரு மகாராஜபுரத்துக்காரருக்குப் பண்ணுனான். நானே பாத்தேன். மீன் மாறல."

"மீனைப் பாத்தீக. கல்லை எண்ணுனீகளா?"

யோசித்துப் பார்த்தேன். திரை போடும்போது ஒரு பாறை. திரை எடுத்தபோது இரண்டு, இரண்டிலும் பொந்து. சாந்திக் கல் என்று சாமியே சொன்னார். கூட இருந்த இருநூறு பேரும் மீனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சனிக்கிழமை ஏசம்மாள் எங்களோடு பஸ் ஏறினாள். மடியில் ஒரு பை. தட்டில் தோடு வைத்தாகிவிட்டது. தொட்டியில் பெரிய மீன் சின்னதைத் துரத்திக்கொண்டிருந்தது. சிஷ்யன் திரையை இழுக்கப் போனான்.

"சாமி, திரை போடாம பண்ணுங்களேன், நாங்களும் பாப்போம்" என்றாள் ஏசம்மாள்.

"திரையில்லாமல் பார்த்தால் கண் அவிந்துவிடும்!"

"என் கண்ணுதான அவியும்? மத்தவுக திரும்பி நில்லுங்க."

ஒருவர்கூடத் திரும்பவில்லை. அடுத்தவள் கண் அவிவதைப் பார்க்காமல் யார் விடுவார்கள்? பையிலிருந்து வாய் உடைந்த மண்கலயம் ஒன்றை எடுத்து, கையை விட்டுத் தொட்டியின் அடுத்த மூலையில் கவிழ்த்து வைத்தாள்.

"தீட்டு! தீட்டுப் பட்டுவிட்டது!" சாமி குதித்தார்.

"தீட்டுப் பட்டா சண்டை கூடணுமே சாமி. செத்த நேரம் பொறுங்க."

சின்ன மீன் கலயத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. உடைந்த வாய்க்குள் தலையை விட்டது. உள்ளே போனது. பெரியது கொஞ்ச தூரம் துரத்தி வந்து, தன் பொந்துக்குத் திரும்பிவிட்டது. கூட்டம் தொட்டியை நெருங்கி வந்தது.

ஏசம்மாள் கலயத்தை எடுத்தாள். மறுபடி சண்டை. வைத்தாள். சமாதானம். எடுத்தாள், சண்டை. வைத்தாள், சமாதானம்.

"ஏலே, இந்தத் தோஷம் டவுன் பஸ்ஸைவிட வேகமா வந்து வந்து போகுதே!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். சிரிப்பு வெடித்தது. போன வாரம் பரிகாரத்துக்குப் பொன் கொடுத்த மகாராஜபுரத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எம் மக சங்கிலி எங்கடா?" என்று முன்னால் போனார். சாமி பின்பக்கத் தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். காவி தட்டியில் மாட்டிக்கொண்டது. முதல் அவதாரம் வலையில் விழுந்தது.

"அப்ப என் மகன் கண்ணு?" கருத்தம்மாள் இன்னும் விடவில்லை.

"கண்ணு நல்லா இருக்கப்போயித்தான ஆத்தா சந்தனத்தைப் பாத்துப் பிடிச்சிருக்கு" என்றாள் ஏசம்மாள். "மீனோ மனுசனோ, ஒண்ணா விடும்போது எது எங்க படுக்கும், எது யாரைக் கடிக்கும்னு பாருங்க. ராசியைப் பாத்து என்ன செய்ய?"

சந்தனம் தட்டிலிருந்து தோட்டை எடுத்து, கருத்தம்மாளைப் பார்த்துக்கொண்டே காதில் மாட்டினாள். மாமியார் ஆகப்போகிறவள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு, "திருகைச் சரியா மாட்டுட்டி, விழுந்துரும்" என்றாள். கல்யாணம் ஐப்பசியில் அதே முகூர்த்தத்தில் நடந்தது. காளிராஜ் இன்றைக்கும் ராத்திரி லோடு ஓட்டுகிறான்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தொட்டிப் பக்கம் திரும்பினால், அங்கே இன்னொரு கூட்டம். ஒரு அம்மாள் அந்த உடைந்த கலயத்தை வெளியே எடுத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, இந்தக் கலயத்தை ஒரு வாரம் எங்க வீட்டுக்குக் குடேன். எம் மருமகளோட ஒரே சண்டை."

ஏசம்மாள் கலயத்தைப் பிடுங்கித் தரையில் போட்டு உடைத்தாள். அந்த அம்மாள் குனிந்து ஓடு பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சாமி பிடிபட்டால் என்ன, அடுத்த சாமியை நாமே செய்துகொள்கிறோம். காவி வாங்குகிற செலவுகூட அவனுக்கு மிச்சம். அடுத்த தடவை எவனாவது திரை போட்டால், போடும்போது ஒருதரம், எடுக்கும்போது ஒருதரம், உள்ளே இருக்கிற கல்லை எண்ணுங்கள். ஒன்று, இரண்டு சொல்லத் தெரிந்தால் போதும். பொந்து ஒன்றா இரண்டா என்பது விரல் நீள மீனுக்கே தெரிகிறது.