பழைய வீட்டுக்காரர் பேசுகிறேன்

இனி மாமனார் வீட்டு மாடிப்படி ஏறுவதில்லை என்று நான் சபதம் செய்த இடம், அதே மாடிப்படி.

எட்டு வருஷம் அந்த மாடியில் குடியிருந்தேன். உடனே 'ஓ, வீட்டோடு மாப்பிள்ளையா?' என்று கேட்டுவிடாதீர்கள். அந்தப் பேச்சு வரக்கூடாது என்பதற்காகவே மாதம் தவறாமல் வாடகை கொடுத்தவன் நான். மாமனார் ஒரு தடவை, "வாடகையெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை?" என்றார். நான் மார் தட்டி மறுத்தேன். இன்னொரு தடவை கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடைக்குப் போய் ரசீது புத்தகம் வாங்கி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் பேச்சுக்கு மாப்பிள்ளை, நடைமுறையில் குடித்தனக்காரன். குடித்தனக்காரனுக்கு உண்டான விதிகள் மாடிப்படிச் சுவரில் ஒட்டப்பட்டன. ஆணி அடிக்கக் கூடாது. ஒன்பது மணிக்கு மேல் செருப்பு போட்டு நடக்கக் கூடாது. குளிக்கும்போது பாடக் கூடாது. கடைசி விதி சிவப்பு மையில் இருக்கும். குழாயைத் தொடக் கூடாது.

அது எனக்கென்றே சேர்த்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடி லிஃப்டையே கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு சமையலறைக் குழாய் எம்மாத்திரம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். கழற்றுவது நன்றாகவே வந்தது. மாட்டுவதுதான் வரவில்லை. அன்று மத்தியானம் கீழ் வீட்டில் மாமனார் நாற்காலி மேல் ஏறி நின்று பேப்பர் படித்தார். விதியை மறுநாள் ஒட்டினார். அதைப் படித்த படியில் நின்றபடியே நான் முடிவெடுத்தேன். ஒரு வாரம் கழித்து மனைவியிடம் அறிவித்தேன்.

"நாம வெளிநாடு போறோம்."

"வேலை கிடைச்சிருச்சா?"

"கிடைக்கும்."

"வீடு?"

"கிடைக்கும்."

"விசா?"

"போட்டாச்சு."

"எனக்கு?"

"உனக்கும் சேர்த்துதான்."

"ஓஹோ. அப்ப இதுவரைக்கும் சேதி மட்டும்தான் எனக்குக் கிடைக்காம இருந்திருக்கு."

விசா கைக்கு வர ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் அவள் காய் நறுக்கிக்கொண்டே போனில் அந்த ஊர் பாஷையைக் கற்றுக்கொண்டாள். போய் இறங்கினால் தானாக வந்துவிடும் என்று நான் சும்மா இருந்தேன். புறப்படும் அன்று அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அங்க பன்னெண்டு நாளைக்கு ரூம் எடுத்திருக்கீங்க. அதுக்குள்ள வீடு அமையணும். அமையலன்னா திரும்பி வந்துடணும்."

"எங்க திரும்பி வர்றது?"

"மாடிக்குத்தான். அப்பா யாருக்கும் விடாம காலியா வச்சிருக்காராம். பன்னெண்டு நாள்தானே, பூட்டியே கிடக்கட்டும்னு சொன்னாரு."

பூட்டும் கையுமாக அவர் வாசலில் நிற்பதை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்புவதாவது! அந்தக் கொதிப்போடுதான் விமானம் ஏறினேன்.

போய் இறங்கிய அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சமைக்க அனுமதி இல்லை. வெந்நீர் வைக்கும் கெட்டில் மட்டும் உண்டு. என் மனைவி அதில் முட்டை வேக வைத்தாள். காலையில் முட்டை, ராத்திரியும் முட்டை. ஐந்தாம் நாள் எனக்குக் கோழியைப் பார்த்தால் கூச்சமாக இருந்தது.

அந்த ஊர் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே கேள்வி கேட்டார்கள். "சம்பளச் சீட்டு எங்கே?" சம்பளத்துக்கு வேலை வேண்டுமே என்று வேலை தேடிப் போனால் அங்கே இன்னொரு கேள்வி. "நிரந்தர விலாசம் எங்கே?" விலாசம் இருந்தால் வேலை. வேலை இருந்தால் விலாசம். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து எத்தனையோ பேரை நான் வெளியே எடுத்திருக்கிறேன். உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு வீடு பார்த்தோம். கீழே வீட்டுக்கார அம்மாள், மேலே காலி. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம். ஊசி எங்கே போடலாம் என்று இடம் பார்ப்பது மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மாடியில் இரண்டு அறை. சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. என் மனைவி அந்த ஜன்னலடியில் நின்று மேடையை ஒரு தடவை கையால் தடவினாள். எனக்கு அந்தக் கை தெரியும். கட்டுப்படியாகாத புடவையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் தடவுவாள். இந்த வீட்டை இவளுக்குப் பிடித்துத் தராவிட்டால் நான் ஒரு புருஷனா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வீட்டுக்கார அம்மாள் பேசியது அந்த ஊர் பாஷை. என் மனைவி எனக்குச் சொன்னபடி இங்கே தருகிறேன்.

"வேலை இல்லையா? சரி, வேலை இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். ஆள் எப்படின்னு தெரியணும். கடைசியா குடியிருந்த வீட்டுக்காரர்கிட்ட ஒரு கடிதம் வேணும். அவர் போன் நம்பரும் வேணும். நானே பேசுவேன்."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்.

"இவ்வளவுதானே? அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா..."

"மூச்! உங்கப்பாகிட்ட நற்சான்று கேக்கறதுக்கு நான் கெட்டில்லயே குடித்தனம் பண்ணுவேன்."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"வேற வழி இருக்கு. நீ தலையிடாத."

வழி என்னவென்றால், கடிதத்தை நானே எழுதுவது. உட்கார்ந்து எழுதினேன். 'இவரைப் போன்ற குடித்தனக்காரர் ஏழு ஜென்மத்திலும் அமையமாட்டார். அமைதியே உருவானவர். குழாய் கெட்டால் தாமே பழுது பார்த்துவிடுவார். இவர் காலி செய்து போன வருத்தத்தில் எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.' எழுதி முடித்தபோது இப்படி ஒருவனை அனுப்பிவிட்டாரே பாவி என்று எனக்கே அந்த வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது. போனில் அந்த ஊர் பாஷைக்கு மாற்றி, அச்செடுத்து, மாமனார் மாதிரி ஒரு கோணல் கையெழுத்தும் போட்டேன்.

போன் நம்பருக்கும் வழி வைத்திருந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த என் பழைய போன் ஊர் சிம்மோடு பெட்டியில் இருந்தது. கடிதத்தோடு அந்த நம்பரையும் கொடுத்தேன். அந்த அம்மாள் கூப்பிடுவார். நான் மாமனார் குரலில் பேசுவேன். எட்டு வருஷம் தினமும் கேட்ட குரல், வராமலா போகும்? பேசுவதற்கு முன் "ம்க்கும்" என்று ஒரு கனைப்பு. அதுதான் உயிர்நாடி. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். அந்த ஊர் பாஷையில் 'ரொம்ப நல்லவர்', 'மிக மிக நல்லவர்' என்று இரண்டு வாக்கியம் நெட்டுருப் போட்டிருந்தேன்.

"ம்க்கும்! ரொம்ப நல்லவர்! ம்க்கும்!"

வெளியே கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, உள்ள யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"இல்ல, அப்பா வந்த மாதிரி இருந்துச்சு."

"தொண்டை கரகரங்குது."

"அப்பாவுக்கும் அப்படித்தான். உடம்பைப் பாத்துக்கோங்க."

போய்விட்டாள். வெகுளி, ஒன்றும் புரியவில்லை என்று நான் நிம்மதியாகக் குளித்தேன். பாடவும் செய்தேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் அந்த அம்மாள் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். நாலு மணியிலிருந்து பழைய போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கனைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, முட்டை தீந்துபோச்சு. வாங்கிட்டு வந்துடுங்க."

"இப்பவா? அப்புறம் போறேனே."

"அப்புறம் கடை சாத்திடுவான். முனையிலதான கடை, அஞ்சு நிமிஷம். இந்தச் சட்டை கசங்கியிருக்கு, கழட்டுங்க, தேச்சு வைக்கிறேன். நாளைக்கு அந்தம்மா கூப்பிட்டா போட்டுட்டுப் போக வேண்டாமா? அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுப் போங்க."

பொறுப்பான மனைவி. கழற்றிக் கொடுத்தேன். கடையில் எனக்கு முன்னால் பதினாலு பேர். முட்டையை வாங்கி வெளியே வந்து ஸ்வெட்டரைத் தடவினேன். நெஞ்சுதான் இருந்தது, போன் இல்லை.

ஓடினேன். பன்னிரண்டு முட்டையில் ஒன்பதுதான் அறைக்கு முழுதாக வந்து சேர்ந்தது. சட்டை தேய்த்து மாட்டியிருந்தது. போன் மேஜை மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அந்த அம்மாளின் நம்பர். பேசிய நேரம், பத்தொன்பது நிமிஷம்.

"யா... யாராவது கூப்பிட்டாங்களா?"

"ம். ஏதோ தப்பான நம்பர்."

"பத்தொன்பது நிமிஷமா?"

"ரொம்பத் தப்பான நம்பர்ங்க."

அதற்கு மேல் கேட்டால் என் குட்டு உடைந்துவிடும். கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டேன். மாமனார் பூட்டைத் திறந்து, மாடியைப் பெருக்கி, சிவப்பு மையால் புது விதி எழுதுவது கண்ணுக்குத் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு அந்த அம்மாளிடமிருந்து செய்தி வந்தது. 'வீடு உங்களுக்குத்தான். வந்து கையெழுத்துப் போடுங்கள்.'

நான் கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். "பாத்தியா? யார் தயவும் இல்லாம, உங்கப்பா சிபாரிசு இல்லாம, வீடு பிடிச்சிட்டேன் பாத்தியா?"

"பாத்தேங்க. கட்டில்ல இருந்து இறங்குங்க, அதுக்குத் தனியா காசு கேப்பான்" என்றாள்.

வீட்டுக்கார அம்மாள் மேஜையில் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் கடிதம். என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சிரித்தால் வலிக்கப் போகிறது என்று அர்த்தம். அவர் பேசப் பேச மனைவி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கடிதத்தைப் படிச்சப்பவே சந்தேகம்தான். இருபது வருஷமா இந்த மாடிய வாடகைக்கு விடறேன். குடித்தனக்காரர் போன வருத்தத்துல சோறு இறங்காத வீட்டுக்காரரை நான் பாத்ததில்ல. சரி, பேசித்தான் பார்ப்போமேன்னு கூப்பிட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. யாரும்மான்னேன். வீட்டுக்காரரோட பொண்ணு பேசறேன்னுச்சு."

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று கூரையைப் பார்த்துக் கணித்துக்கொண்டிருந்தாள். பொய் ஒன்றும் இல்லையே. வீட்டுக்காரரின் பெண்தானே அவள்!

"ஆளு எப்படின்னு கேட்டேன். குறை முதல்லயா, நிறை முதல்லயான்னு கேட்டுச்சு. குறைன்னேன். பதினஞ்சு நிமிஷம் சொல்லிச்சு."

"நிறை?" என்றேன்.

"நாலு நிமிஷம். எட்டு வருஷத்துல ஒரு மாசம்கூட வாடகை தவறினதில்ல. வேண்டாம்னாலும் கொடுப்பார். ரோஷக்காரர், பட்டினி கிடந்தாலும் பாக்கி வைக்க மாட்டார். தொழில்ல கெட்டிக்காரர், வேலை கிடைக்கறது உறுதி. அப்படியே கிடைக்காட்டியும் உங்களைச் சங்கடப்படுத்தாம நாங்களே காலி பண்ணிடுவோம்னுச்சு. நாங்கன்னா யாருன்னேன். அவர் பொண்டாட்டியும் நான்தான், கடிதம் எழுதினது அவர்தான்னு சொல்லிடுச்சு. உண்மை பேசற பொண்ணு குடியிருந்தா போதாதா எனக்கு?"

என் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அந்த நாலு நிமிஷத்தைக் கேட்டதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. எட்டு வருஷத்தில் என் முகத்துக்கு எதிரே நாலு விநாடிகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஒப்பந்தம் என் பக்கம் வரும் என்று பேனாவைத் திறந்தேன். அது நேராக என் மனைவியிடம் போயிற்று. அவள் பெயர், அவள் கையெழுத்து. கீழே 'உடன் தங்குபவர்' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் நான். அதற்கும் கீழே அந்த அம்மாள் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். மனைவி படித்துச் சொன்னாள். குழாய் கெட்டால் பிளம்பரைக் கூப்பிடவும். உடன் தங்குபவர் தொடக் கூடாது.

அன்று மத்தியானமே பெட்டிகளை மேலே ஏற்றினோம். மாடிப்படி பதினாறு. நான்தான் சுமந்தேன். மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து, மேடையை மறுபடியும் ஒரு தடவை தடவினாள். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, நாளைக்கு ஒரு லிஃப்ட் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தில் முதன்முதலாக நிரந்தர விலாசம் எழுதினேன். எழுதி முடித்து ஊதி ஊதிப் பார்த்தேன். எப்படியோ மாமனார் மாடி இல்லாத ஒரு விலாசம்! சபதம் ஜெயித்துவிட்டது.

அப்போது பழைய போன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்ததும் கனைத்துவிட்டேன்.

"ம்க்கும்."

"ம்க்கும்" என்றது மறுமுனை. அசல்.

"மா... மாமா! நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். இப்பத்தான் பாப்பா எல்லாம் சொல்லிச்சு. ரொம்ப சந்தோஷம். அப்ப நம்ம மாடிய வேற ஆளுக்கு விட்டுடலாம்ல?"

"தாராளமா விடுங்க மாமா!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"சரி, அது கிடக்கட்டும். என் பொண்ணு வீட்டுல உங்களுக்கு எல்லாம் சௌகரியமா இருக்கா மாப்பிள்ளை?"