குடியிருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி

கதவிடுக்கில் ஒரு மஞ்சள் அட்டை செருகியிருந்தது. பிர்மினோ கிண்டெலா மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் அதை மூன்று முறை படித்தார்.

"வந்தேன். நீங்கள் இல்லை. - ஜாடோ, வட்டாரக் காவலர்."

ஐம்பத்திரண்டு வருடமாக இருந்துகொண்டிருக்கும் ஒரு மனிதரைப் பார்த்து, இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருந்தான் எவனோ. அந்த நேரத்தில் அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பல் வைத்தியரின் குளியலறையில் மண்டிபோட்டு டைல் ஒட்டிக்கொண்டிருந்தார். வேலைக்கென்று வந்த மனிதன் வேலைக்குப் போனது ஒரு குற்றமா?

லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு அவர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெல்ஜியத்தில் யார் குடிவந்தாலும் முதலில் நகர அலுவலகத்தில் பெயர் எழுதிக்கொள்வார்கள். பிறகு ஒரு காவலர் வீட்டுக்கே வந்து, இந்த ஆள் நிஜமாகவே இங்கேதான் தூங்கி எழுந்து பல் விளக்குகிறாரா என்று பார்ப்பார். அவர் ஆமென்று எழுதினால்தான் குடியிருப்பு அத்தாட்சி. அதுவரை நீங்கள் பெல்ஜியத்தின் கண்ணுக்கு ஒரு வதந்தி.

பிர்மினோவுக்கு இது பெரிய அவமானம். போர்ச்சுகலில், சொந்த ஊர்க் கால்பந்து மன்றத்தில், வழியனுப்பு விருந்தில் அவர் நாற்காலி மேல் ஏறி நின்று பேசியவர்.

"நான் வெளிநாட்டுக்குப் போறேன்னு எவனாவது சொன்னான்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்," என்றார் அன்றைக்கு. "ஐரோப்பா மொத்தமும் என் வீடு. இந்த ரூமிலிருந்து அந்த ரூமுக்குப் போறேன், அவ்வளவுதான். விசா கிடையாது. போன்ல அதே நம்பர், அதே கட்டணம். நான் எந்த நாட்டுல நின்னு பேசுறேன்னே உங்களுக்குத் தெரியாது."

மன்றத்தார் கைதட்டினார்கள். அவர் மனைவி டெல்மிரா மட்டும் மேசையிலிருந்த ஆலிவ் கொட்டைகளை ஒரு தட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இதற்கு முன்பும் இதே நாற்காலியில் ஏறி இரண்டு முறை பேசியிருக்கிறார். ஒருமுறை சுவிட்சர்லாந்து, மூன்று வாரத்தில் திரும்பினார், சூப் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை லக்சம்பர்க், பதினோரு நாள், அதற்குக் காரணம்கூடச் சொல்லவில்லை. முதல் முறை அவரை நம்பி டெல்மிரா பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டாள். திரும்பக் கேட்டு வாங்க ஒரு வருடம் ஆயிற்று.

இந்த முறை அவரது பெட்டியை அவளே அடுக்கி, பூட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள்: "நீ அங்கே குடியிருக்கேன்னு எனக்குத் தெரியட்டும். அப்புறம் நான் வர்றேன்."

அதற்குத்தான் அத்தாட்சி. அரசாங்க முத்திரை போட்ட காகிதம் ஒன்றைப் படம்பிடித்து அனுப்பிவிட்டால் இவள் என்ன சொல்லிவிட முடியும்?

மறு வாரம் முதலாளியிடம் கெஞ்சி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி, சீருடை எதுவும் கண்ணில் படவில்லை. பதினொரு மணிக்குக் கசங்கிய மழைக்கோட்டும் தோல்பையுமாக ஒரு வயதானவர் வந்து கதவைத் தட்டினார். முகத்தில் அப்படி ஒரு பொறுமை. மதப் பிரசங்கத் துண்டுக் காகிதம் கொடுக்க வந்தவர் என்று பிர்மினோ பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்டினார். அந்த மாதிரி ஆட்களிடம் சிக்கினால் மதியம்வரை விடமாட்டார்கள். ஜன்னலுக்குக் கீழே தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டு மூச்சை அடக்கினார். தட்டல் நின்றது. கதவிடுக்கில் மஞ்சள் அட்டை சரசரத்தது.

"வந்தேன். உள்ளே நடமாட்டம் இருந்தது. கதவு திறக்கவில்லை. - ஜாடோ."

கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த வீட்டுக்காரர் கலோஜெரோவிடம் போய் முறையிட்டார். கலோஜெரோவின் அப்பா சிசிலியிலிருந்து இங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர். அதனால் புதிதாக வந்தவர்கள் விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவர் கட்சி.

"போலீஸைப் பார்த்தா தரையில படுக்கிற ஆளையா நான் வீட்டுல வச்சிருக்கேன்?" என்றார் கத்தரியை நிறுத்தாமல். "வாசல் மணி வேற வேலை செய்யலை. முதல்ல பேரை எழுதி ஒட்டுப்பா. குருடனுக்கும் தெரியணும்."

பிர்மினோ எழுதி ஒட்டினார். பெயருக்குக் கீழே 'ஐரோப்பியக் குடிமகன்' என்றும் சேர்த்தார். தெருவில் போனவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல டெல்மிரா போன் செய்தாள்.

"பெட்டியைப் பிரிச்சியா?"

"முதல் நாளே பிரிச்சாச்சு."

"எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டியா?"

"எல்லாத்தையும்."

"ம்," என்றாள். வாராவாரம் இதே கேள்வி, இதே பதில், இதே 'ம்'. அன்றைக்கு வைக்கும்முன் ஒன்று சேர்த்துச் சொன்னாள்: "அந்தப் பச்சைக் கோட்டுல ரெண்டாவது பட்டன் இல்லை. தைச்சுக்கோ."

பிர்மினோ குனிந்து பார்த்தார். நிஜமாகவே இல்லை. இருபத்தாறு வருடத் தாம்பத்தியம் என்றால் சும்மாவா என்று நெகிழ்ந்துபோனார்.

மூன்றாம் முறை ஜாடோ உள்ளே வந்தார். அறையில் ஒரே ஒரு நாற்காலி. அவர் அதில் உட்கார, பிர்மினோ நின்றுகொண்டார். காவலர் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு கரண்டி. ஒரு குவளை. அலமாரியைத் திறந்தால் மூன்று வெறும் ஹேங்கர்கள். கதவுக்குப் பக்கத்தில், கைப்பிடி வெளிப்பக்கம் பார்க்க, பட்டை இறுக்கிய பெரிய பெட்டி. மேலாக இருந்த இரண்டு சட்டைகளைத்தான் பிர்மினோ மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டு, திரும்ப அதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இங்கே குடியிருக்கீங்களா, இல்ல ரயிலுக்குக் காத்திருக்கீங்களா?"

பிர்மினோ நெஞ்சை நிமிர்த்தினார். "நான் ஐரோப்பியக் குடிமகன்."

"நானும்தான். இருந்தாலும் சட்டையை அலமாரியில மாட்டுறேன்."

பிறகு ஜாடோ, குத்திக்காட்டும் நோக்கம் இல்லாமல்தான், மில் தெருவில் குடிவந்திருக்கும் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னார். அவரும் போர்ச்சுகல்தான். இவருக்குப் பத்து நாள் கழித்து வந்தவர். ஒரே தடவையில் எழுதிக் கொடுத்தாயிற்று. வாசலில் கால்மிதி, ஜன்னலில் திரைச்சீலை, அடுப்பில் சூப்.

"கல்யாணமானவங்கதான். புருஷன் இன்னும் வந்து சேரலைன்னு சொன்னாங்க."

அவன் எதற்கு வருவான், இப்படிப்பட்ட பெருமைக்காரியிடம், என்று பிர்மினோ மனதுக்குள் அந்த முகம் தெரியாத கணவனுக்காகப் பரிதாபப்பட்டார்.

ஆனால் மில் தெருவுக்குத் தோற்பதா? கலோஜெரோவிடம் ஓடினார். அவர் ஆபத்தில் கை கொடுப்பவர், அளவு மட்டும் தெரியாதவர். பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி மாடிக்கு வந்தன: ஆறு நாற்காலி, பூப்போட்ட பெண்கள் செருப்பு, நாலு பல் துலக்கும் பிரஷ், சட்டம் போட்ட சிசிலியக் கல்யாணப் படம், குழந்தை தள்ளுவண்டி, 'நீரோ' என்று பெயர் எழுதிய நாய்க்கிண்ணம்.

"குடும்பம் வாழற வீடு மாதிரி இருக்கணும்," என்றார் கலோஜெரோ, படத்தை நேராக்கிக்கொண்டே. "இப்ப வரச் சொல்லு அந்த ஆளை."

ஜாடோ வந்தார். பிரஷ்களை எண்ணினார். தள்ளுவண்டியை லேசாக ஆட்டிப் பார்த்தார். கல்யாணப் படத்தில் இருந்தவர்களையும் பிர்மினோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"மொத்தம் எத்தனை பேர் குடியிருக்கீங்க?"

"ஒருத்தர்."

"நாய் எங்கே?"

"வெளியில போயிருக்கு."

"தனியாவா?"

"மனைவி கூட."

"உங்க மனைவி போர்ச்சுகல்ல இருக்காங்கன்னு போன வாரம் சொன்னீங்க."

"ஆமா," என்றார் பிர்மினோ. "அங்கேதான் போயிருக்கு."

ஜாடோ எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே போனார். பதிவு செய்யாமல் ஒரு குடும்பமே குடியிருப்பதாகத் தோன்றினால் அதற்கு வேறு படிவம் உண்டு என்றும், அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் போனால் விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள் என்றும் வருத்தத்தோடு விளக்கினார். வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை வருவாராம். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துச் சும்மா தூக்கிப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான் இங்கே உங்களோடது போலிருக்கு."

அதற்குமேல் பிர்மினோவால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஆறு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். நாய் இல்லை. மன்றத்து நாற்காலி, சுவிட்சர்லாந்து, லக்சம்பர்க் எல்லாம் வந்தது. பெட்டி பிரிக்காதவரைக்கும் ஒருவன் ஊர் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு கௌரவமாகத் திரும்பிவிடலாம். பிரித்து மாட்டிய சட்டையை ஹேங்கரிலிருந்து கழற்றித் திரும்ப அடுக்குகிறானே, அவன்தான் தோற்றவன். இரண்டு தடவையும் அதனால்தான் பிரிக்கவில்லை.

"இந்தத் தடவையும் திரும்பிப் போனா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. சாப்பாடு எடுத்து வைப்பா," என்றார். "அதைத்தான் என்னால தாங்க முடியாது."

ஜாடோ பேனாவை மூடினார். "வியாழக்கிழமை வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மதியம் பிர்மினோ கடன் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கலோஜெரோவுக்கு மனத்தாங்கல்தான். போலீஸ்காரர்களுக்கு ரசனை கிடையாது என்றார். ஒரு நாற்காலியை மட்டும் வலுக்கட்டாயமாக மாடியிலேயே விட்டார். விருந்தாளி வந்தால் நீ நிற்க வேண்டாம் பார் என்றார்.

வெற்று அறையில் பிர்மினோ பெட்டியைக் கட்டிலில் போட்டுப் பட்டையை அவிழ்த்தார். சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டினார். கம்பளி உள்ளாடை. காபிக் கெண்டி. கடுகுக் கலர் போர்வைக்குள் சுற்றி ஒரு சுத்தியலும் ஒரு பொட்டலம் ஆணியும். கடைசியில், பெட்டியின் அடியில், ஊர்ச் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று.

பிரித்தார். டெல்மிராவின் பழுப்பு நிற ஷூ. ஈஸ்டருக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும் போடுவாளே, புதிதாக அடித்தோல் தைத்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வாராவாரம் கேட்டாளே, எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டியா என்று. எடுத்து வைத்தேன், எடுத்து வைத்தேன் என்று இவர் அளந்துவிட்டபோதெல்லாம் ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை வராததைக் கேட்டுக்கொண்டுதானே அந்த 'ம்'.

வியாழக்கிழமை ஜாடோ வந்தார். இந்த முறை எதையும் திறந்து பார்க்கவில்லை. சுவரில் ஒரு ஆணி, அதில் பச்சைக் கோட்டு; இரண்டாவது பட்டன் கறுப்பு நூலில் கோணலாகத் தைத்திருந்தது. வாசலருகில் சிமெண்ட் படிந்த வேலை பூட்ஸும், அதை ஒட்டினாற்போல ஒரு ஜோடி பழுப்பு ஷூவும்.

"இது யாரு குடுத்த கடன்?"

"இது எங்களோடது, சார்."

ஜாடோ இரண்டாவது நாற்காலியில் பிர்மினோவை உட்காரச் சொல்லி, மடியில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலைக் கொடுத்தார். காபி குடித்தார். ஊர் மழையைப் பற்றி இருவரும் சேர்ந்து குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அவர் படியிறங்கியதும் பிர்மினோ போனை எடுத்தார். காகிதத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல நினைத்தார். வாயில் வேறு வந்தது.

"டெல்மிரா, உன் ஷூ இங்கே இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"எங்கே வச்சிருக்கே?"

"வாசல்ல. என்னோடது பக்கத்துல." கையிலிருந்த நகலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் குடியிருக்கேன், டெல்மிரா. காவலர் ஜாடோ எழுதியே கொடுத்துட்டார். வேலையை விட்டுட்டு வா. எத்தனை நாள் ஆனாலும் சரி, ரயில்ல வர்றியா, பஸ்ல வர்றியான்னு மட்டும் சொல்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நடந்தே வந்துடுவேன்," என்றாள் டெல்மிரா. "நீ ஓடிப்போய் அந்த ஜாடோவைப் பிடி. மில் தெரு அம்மா வீடு மாறுறாங்க, திரும்பவும் ஒருதடவை வந்து பார்த்துட்டுப் போகணும்னு சொல்லு."